மோனேயின் குளம்: வாசகர் கேள்வி – பதில்

பிரெஞ்சு இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர் க்ளோத் மோனே 1926 டிசம்பர் 5 அன்று 86 வயதில் இறந்தார். வாழ்வின் கடைசி முப்பது ஆண்டுகளில் பெரும்பகுதியை பிரான்சின் ஜிவெர்னி கிராமத்தில், தன் தோட்டத்துக் குளத்தை வரைவதிலேயே செலவிட்டார். அந்தப் படங்களைப் பற்றி வந்த கேள்விகளில் சில, எங்கள் ஓவியப் பகுதியினரின் பதில்களோடு.

கேள்வி: மோனே தன் குளத்துப் பாலத்தை வரைந்த கடைசிக் கால 'ஜப்பானியப் பாலம்' படங்களில் பாலமே அடையாளம் தெரியவில்லை. எங்கும் சிவப்பும் பழுப்பும். கண்புரை வந்ததால்தான் அப்படி வரைந்தார் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. மீதியைத் தேதிகளை அடுக்கிப் பார்த்தால்தான் பிரித்தெடுக்க முடியும்.

கண்புரை என்று மருத்துவர்கள் சொன்னது 1912-இல். ஆனால் 1914-க்கும் 1917-க்கும் இடையில் வரைந்த பெரிய அல்லிக்குளப் படங்களில் நீலமும் பச்சையும் தெளிவாகவே இருக்கின்றன. நீங்கள் சொல்லும் செம்பழுப்புப் பாலங்கள் 1918 முதல் 1924 வரையிலானவை. அதே ஆண்டுகளில், பாரிஸ் ஓராஞ்சரி அருங்காட்சியகத்துக்கான பெரிய பலகங்களும் (பக்கம் பக்கமாகச் சேர்ந்து ஒரே படமாகும் கேன்வாஸ்கள்) அதே கையில்தான் வளர்ந்துகொண்டிருந்தன. அவற்றில் நீலத்துக்குப் பஞ்சமே இல்லை. அதாவது நோய் முற்றியிருந்த காலத்தில் இரண்டு வகைப் படங்களும் வந்திருக்கின்றன.

புரை விழுந்த விழிவில்லை முதலில் மஞ்சளாகும், போகப் போகப் பழுப்பாகும். ஊதாவையும் நீலத்தையும்தான் அது முதலில் தடுக்கும். இங்கே புத்திசாலி வாசகர் ஒரு குறுக்குக் கேள்வி கேட்பார்: குளத்தையும் அதே கண்ணால்தான் பார்க்கிறார், வண்ணத்தையும் அதே கண்ணால்தான் பார்க்கிறார், அப்படியானால் பிழை தானாகவே நேராகிவிடாதா? ஓரளவு நேராகும். ஆனால் கருநீலத்துக்கும் கரும்பச்சைக்கும் உள்ள வேறுபாடே கண்ணுக்கு எட்டாதபோது, வண்ணத்தட்டில் எதைத் தொட்டாலும் ஒன்றுதான். தவறாக எடுத்தது தவறாகத் தெரியாது. சிவப்புகள் கலங்கிச் சேறாகத் தெரிவதாக மோனேயே சொல்லியிருக்கிறார். வண்ணக்குழாய்களின் மேல் எழுதியிருந்த பெயரைப் பார்த்து எடுத்தார். தட்டில் வண்ணங்களை எப்போதும் ஒரே வரிசையில் வைத்துப் பழக்கத்தை நம்பி வேலை செய்தார். இதோடு வெயிலில் கண்கூச்சமும் சேர்ந்துகொண்டது. அகன்ற விளிம்புத் தொப்பியும், நடுப்பகலைத் தவிர்த்ததும் அதனால்தான்.

1922 செப்டம்பரில் மருத்துவர் ஷார்ல் கூத்தெலா பரிசோதித்தபோது, வலது கண்ணில் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று அறியும் அளவுக்குத்தான் பார்வை மிஞ்சியிருந்தது. இடது கண்ணில் பத்தில் ஒரு பங்கு. 1923 ஜனவரியில் வலது கண்ணில் இரண்டு கட்டமாக அறுவை நடந்தது. ஜூலையில் மூன்றாவது முறை. செயற்கை வில்லை பொருத்தும் வழி அன்று கிடையாது. வில்லையை எடுத்துவிட்டுத் தடித்த கண்ணாடி கொடுப்பார்கள். அந்தக் கண்ணாடியில் உருவம் சுமார் கால் பங்கு பெரிதாகத் தெரியும். அறுவை செய்யாத கண்ணின் உருவத்தோடு பொருந்தாமல் எல்லாம் இரட்டையாகும். தவிர, அதுவரை தடுக்கப்பட்டிருந்த நீலம் முழுதாக உள்ளே வர, பார்ப்பதெல்லாம் நீலமாக இருக்கிறது என்று குறைப்பட்டார். நிறமேற்றிய கண்ணாடிகள் பலவற்றை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, 1925 கோடையில்தான் மறுபடி மனம் ஒப்பி வேலை செய்தார்.

எங்கள் கணிப்பு இது. பாலப் படங்களின் நிறக் கலக்கத்தில் கண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அடிவானத்தை நீக்கியது, உருவத்தைத் தூரிகை வீச்சிலேயே கரைத்தது, படத்தைப் பெரிதாக்கியது ஆகியவற்றில் கண்ணுக்குப் பங்கில்லை. அவற்றுக்கான வேலை, நல்ல பார்வை இருந்த 1903–1908 காலத்திலேயே தொடங்கிவிட்டது. இந்தப் படங்களை மருத்துவ அறிக்கையாகவே படிக்கிறவர்கள், கண் தெரியாதவர் ஓராஞ்சரியின் 17 மீட்டர்ப் படத்தை எப்படி நிர்வகித்தார் என்பதற்கும் ஒரு விளக்கம் சொல்ல வேண்டும்.

கேள்வி: அந்தக் குளம் இயற்கையானதா?

இல்லை. வெட்டியது. மோனே 1883-இல் ஜிவெர்னிக்கு வாடகைக்கு வந்தார். 1890-இல் வீட்டை விலைக்கு வாங்கினார். வீட்டுக்கு எதிரே, சாலையையும் சிறு ரயில் பாதையையும் தாண்டி இருந்த நிலத்தை 1893-இல் வாங்கி, எப்த் ஆற்றின் கிளையோடையிலிருந்து தண்ணீரைத் திருப்ப அரசு அனுமதி கேட்டார். ஊரார் எதிர்த்தார்கள். அந்நியச் செடிகள் தண்ணீரை நஞ்சாக்கிவிடும் என்று பயம். அனுமதி கிடைத்துக் குளம் வந்தது. 1901-இல் பக்கத்து நிலத்தையும் வாங்கி அதைப் பெரிதாக்கினார்.

குளத்துக்கு நீர் வரும் வழியில் மதகு வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அல்லிக்கு ஓடும் நீரும் ஆகாது, குளிர்ந்த நீரும் ஆகாது. ஆற்று நீர் எந்நேரமும் பாய்ந்தால் பூ குறையும். முழுதாக அடைத்தால் பாசி பிடிக்கும். ஆகவே வேண்டும்போது மட்டும் நீரை மாற்றும்படி ஏற்பாடு. வண்ண அல்லிகள் தெற்கு பிரான்சில் லத்தூர்-மர்லியாக் நாற்றுப் பண்ணையில் கலப்பினமாக உருவானவை. பண்ணை உரிமையாளர் லத்தூர்-மர்லியாக் 1889 பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவற்றைக் காட்டியிருந்தார். அதற்கு முன், குளிர் தாங்கும் ஐரோப்பிய அல்லி என்றால் வெள்ளைதான்.

குளத்துக்கென்றே தனியாக ஒரு தோட்டக்காரர் இருந்தார். படகில் போய், பழுத்த இலைகளை அகற்றி, இலைக்கூட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடாமல் கத்தரிப்பது அவர் வேலை. நடுவே வெறும் தண்ணீர் இருந்தால்தானே வானமும் மரமும் அதில் விழும்! சாலைப் புழுதி இலைகளில் படிகிறது என்று, வீட்டு முன் சாலைக்குத் தன் செலவிலேயே தார் போட வைத்தார் மோனே. படத்தின் முதல் தூரிகை வீச்சு தோட்டத்திலேயே நடந்துவிட்டது என்று சொல்லலாம்.

கேள்வி: அல்லிப் படங்களில் வானமும் இல்லை, கரையும் இல்லை. ஆனாலும் தண்ணீர் தள்ளிப் போவது தெரிகிறது. எப்படி?

வானம் இருக்கிறது, தண்ணீருக்குள் இருக்கிறது. கரை எப்படிப் போனது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். 1899 பாலப் படங்களில் பின்னால் மரங்கள் அடைத்து நிற்கின்றன. வானம் ஏறக்குறைய இல்லை. 1903 வாக்கில் பார்வை கீழே இறங்குகிறது; கரை படத்தின் மேல் விளிம்பில் ஒரு பட்டையாகச் சுருங்குகிறது. பிறகு அந்தப் பட்டையும் போய்விடுகிறது. 1907-இல் கேன்வாஸை நெடுவாக்கில் நிறுத்தி, இரு பக்க மரநிழல்களுக்கு நடுவே வான ஒளி மேலிருந்து கீழாக இறங்குவதை வரைகிறார். 1908-இல் 80 சென்டிமீட்டர் வட்டக் கேன்வாஸ்கூட உண்டு. 1909 மே மாதம் பாரிஸில் ஓவிய வியாபாரி த்யூரான்-ருவேலின் கூடத்தில் இந்தத் தொடரில் 48 படங்கள் காட்சிக்கு வந்தன. கண்காட்சி அதற்கு முந்தைய ஆண்டே நடந்திருக்க வேண்டியது. திருப்தியில்லாமல் பல கேன்வாஸ்களை அவரே அழித்ததில் தள்ளிப்போனது.

தூரம் தெரிவதற்குக் காரணம் இலைகள். தாமரை இலை தண்ணீரைவிட்டு எழும்பி நிற்கும். அல்லி இலை நீர்மேல் தட்டையாகப் படிந்து கிடக்கும். தட்டையாகக் கிடக்கும் வட்டம், பார்ப்பவருக்குப் பக்கத்தில் அகன்ற நீள்வட்டமாகத் தெரியும். தள்ளிப் போகப் போக ஒடுங்கி, கடைசியில் வெறும் கோடாகிவிடும். கரையும் அடிவானமும் செய்ய வேண்டிய வேலையை இந்த ஒடுக்கம் ஒன்றே செய்துவிடுகிறது. இலைகள் எல்லாம் கிடைவாக்கு. பிம்பங்கள் எல்லாம் செங்குத்து, ஏனென்றால் கரை மரத்தின் பிம்பம் நம்மை நோக்கி நேர் கீழாகத்தான் தொங்கும். ஒரே நீர்ப்பரப்பில் கிடையும் குத்துமாக இரண்டு உலகங்கள் பின்னிக்கொள்கின்றன. கடைசிக் கால மோனேயைப் பார்க்கத் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

கேள்வி: இரண்டு மீட்டர் உயரக் கேன்வாஸை வெளியே கொண்டுபோய் வரைந்தாரா?

இரண்டு மீட்டர்ச் சதுர ஆய்வுப் படங்கள் (பெரிய படத்துக்கு முன்னோட்டமாக வரைபவை) வரை வெளியே வரைந்திருக்கிறார். 1915 கோடையில் எடுத்த புகைப்படத்தில், குளக்கரையில் பெரிய வெள்ளைக் குடையின் கீழ் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் மருமகள் ப்ளான்ஷ். குடை வெள்ளையாக இருந்ததும் காரணத்தோடுதான்: வண்ணக் குடை என்றால் அதன் சாயல் கேன்வாஸில் விழுந்து நிறக் கணக்கைக் கெடுத்துவிடும்.

ஓராஞ்சரிப் பலகங்கள் வேறு கதை. பல பலகங்களின் அகலம் 4.25 மீட்டர். வெளியே தூக்கிப்போக முடியாது. இதற்காகவே 1915–16-இல், போர் நடந்துகொண்டிருக்கும்போது, தோட்டத்தில் ஒரு பெரிய கூடம் கட்டினார்: சுமார் 23 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 15 மீட்டர் உயரம், கண்ணாடிக் கூரை. கூரைக்குக் கீழே துணி விரித்து வெளிச்சத்தை மென்மையாக்கினார். பலகங்கள் சக்கரம் வைத்த தாங்கிகளில் நின்றன. தள்ளித் தள்ளி ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பார்ப்பதற்கு. கோடையில் வெளியே எடுத்த ஆய்வுப் படங்கள், குளிர்காலத்தில் உள்ளே வளர்ந்தன. எதிரே இருப்பதை அப்படியே ஒரே அமர்வில் பிடிப்பது என்ற இம்ப்ரெஷனிசப் பிடிவாதத்தை, அதைத் தொடங்கியவர்களில் ஒருவரே இங்கே தளர்த்திவிட்டார். ஒரு பலகத்தை ஆண்டுக்கணக்கில் தொட்டுத் தொட்டுத் திருத்தினார்.

கேள்வி: என்னென்ன வண்ணங்கள் பயன்படுத்தினார்? கறுப்பே கிடையாதாமே?

1905-இல் வியாபாரி த்யூரான்-ருவேலுக்கு எழுதிய கடிதத்தில் அவரே பட்டியல் தருகிறார்: ஈய வெள்ளை, கேட்மியம் மஞ்சள், வெர்மிலியன் சிவப்பு, அடர்ந்த மேடர் (செடி வேரிலிருந்து எடுக்கும்) சிவப்பு, கோபால்ட் நீலம், விரிடியன் பச்சை. அவ்வளவுதான். கறுப்பும் இல்லை, மண் நிறங்களும் இல்லை.

இருட்டு வேண்டுமென்றால் விரிடியனோடு மேடரைக் கலந்தால் போதும். கறுப்புக்கு மிக அருகில் வரும். பச்சையைக் கொஞ்சம் கூட்டினால் ஆழ்நீரின் இருட்டு, சிவப்பைக் கூட்டினால் இலைக்கு அடியிலுள்ள ஊதா இருட்டு. கோபால்ட்டோடு மேடர் சேர்ந்தால் வில்லோ மரநிழலின் ஊதா.

இன்று வாங்குகிறவர்களுக்கு: ஈய வெள்ளை நஞ்சு, டைட்டேனியம் வெள்ளை போதும். ஆனால் அதற்கு வெளுக்கும் வலு மிக அதிகம். ஈய வெள்ளையில் போடும் அளவைப் போட்டால் படம் சுண்ணாம்பு அடித்ததாகிவிடும். பாதிக்கும் குறைவாக எடுங்கள். வெர்மிலியனுக்குப் பதில் கேட்மியம் சிவப்பு. அசல் மேடர் வெளிச்சத்தில் வெளுக்கும், அதனால் நிலைத்த அலிசரின் என்று விற்பதை வாங்குங்கள். கோபால்ட் குழாயின் பின்புறம் நிறமிக் குறியீடு பி.பி. 28 (PB 28) என்று இருக்க வேண்டும். பெயரோடு 'ஹ்யூ' (Hue) என்ற வால் ஒட்டியிருந்தால் அது வேறு நீலங்களைச் சேர்த்த மலிவுச் சரக்கு. பச்சையோடு கலக்கும்போது குட்டு வெளிப்பட்டுவிடும்.

கேள்வி: ஆயில் வண்ணத்தில் அல்லிக்குளம் வரைந்து பார்க்கிறேன். நிறங்கள் சேறாகின்றன, குளமோ படுக்காமல் சுவராக எழுந்து நிற்கிறது. எங்கே தவறு?

இரண்டும் தனித்தனித் தவறுகள். சுவராக நிற்பதற்குக் காரணம், இலைகளை எல்லாம் ஒரே வடிவில் போட்டிருப்பீர்கள். படத்தின் அடியில் இருக்கும் இலையின் உயரம் அகலத்தில் பாதி என்றால், நடுவில் கால் பங்கு, மேலே பத்தில் ஒரு பங்கு என்று இறக்குங்கள். இலைக்கூட்டங்களுக்கு நடுவிலுள்ள நீர் இடைவெளியும் அதே கணக்கில் ஒடுங்க வேண்டும். பலர் இலையை ஒடுக்கிவிட்டு இடைவெளியை மறந்துவிடுகிறார்கள்.

சேறாவதற்குக் காரணம் அவசரம். நிழலின் சிவப்பு-ஊதா காய்வதற்குள் மேலே பச்சை இலையை இழுத்தால் இரண்டும் ஒன்றையொன்று கொன்றுவிடும். முழுப் படத்தையும் மூன்று அமர்வாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 60 × 60 சென்டிமீட்டர் கேன்வாஸ், 8 முதல் 12-ஆம் எண் வரை பன்றிமயிர்த் தட்டைத் தூரிகைகள் நான்கு: நீலம், பச்சை போன்ற குளிர்நிறத்துக்கு இரண்டு, சிவப்பு, மஞ்சள் போன்ற வெதுநிறத்துக்கு இரண்டு. எந்தக் காரணத்துக்காகவும் மாற்றிக்கொள்ளாதீர்கள்.

முதல் அமர்வில் இலையே வேண்டாம். டர்பன்டைன் கலந்து நீர்க்க வைத்த வண்ணத்தில், மேலிருந்து கீழாக மட்டும் தூரிகையை இழுத்து, மரநிழலின் இருட்டையும் வான ஒளியையும் போடுங்கள். வானத்தின் பிம்பம் வானத்தைவிட ஒரு படி மங்கல். இருண்ட மரத்தின் பிம்பம் மரத்தைவிட ஒரு படி வெளிச்சம். எல்லைகளைக் காய்ந்த தூரிகையால் பக்கவாட்டில் ஒருமுறை லேசாகத் தடவிக் கரையுங்கள். ஒருமுறைதான். இரண்டாம் முறை தடவினால் பிம்பம் போய்ப் பனிமூட்டம் வந்துவிடும். இப்படியே விட்டு, தொட்டால் ஒட்டாத நிலை வரும்வரை காத்திருங்கள். கோபால்ட் இரண்டு, மூன்று நாளில் காயும். அலிசரின் போட்ட இடம் ஒரு வாரத்துக்கு மேலும் எடுக்கும்.

இரண்டாம் அமர்வில் தூரிகை கிடைவாக்கில் மட்டும். வண்ணம் இப்போது கெட்டியாக, டர்பன்டைன் இல்லாமல். இலைகளை ஒவ்வொன்றாக வரையாதீர்கள். கூட்டமாகப் போட்டு, பிறகு நீர்நிறத்தால் இடையில் வெட்டுங்கள். இலையின் மேற்பரப்பு வானத்தைப் பார்த்துக் கிடப்பதால் அதில் நீலமும் வெள்ளையும் ஏறும். பச்சைக் குழாயைப் பிதுக்கி அப்படியே பூசினால் பிளாஸ்டிக் இலைதான் கிடைக்கும். இலையின் முன் விளிம்புக்குக் கீழே மேடர் கலந்த ஒரு மெல்லிய இருட்டுக் கோடு: அதைப் போட்டவுடன் இலை நீர்மேல் உட்கார்ந்துவிடும். எல்லா இலைக்கும் போடாதீர்கள், முன்வரிசையில் நாலைந்துக்குப் போதும்.

மூன்றாம் அமர்வு பூக்களுக்கு. குறைவாக, தடிமனாக, ஒரு பூவுக்கு மூன்று தொடுகை. வெள்ளைப் பூ முழுவதும் வெள்ளையாக இருக்கக் கூடாது. வெயில் படாத பக்கம் ஊதாச் சாம்பல், வெயில் பக்கத்தில் வெள்ளையோடு ஒரு துளி மஞ்சள். பூவின் பிம்பத்தை நேர் கீழே, மங்கலாக.

நேரில் பார்த்து வரைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குளிர்நாட்டு அல்லி முற்பகலில் விரிந்து பிற்பகலில் மூடிக்கொள்ளும். வெயில் நகர நகரப் பிம்பமும் மாறும். ஒரே கேன்வாஸில் காலை நிழலையும் மதிய ஒளியையும் சேர்க்காதீர்கள். மோனே பல கேன்வாஸ்களை வரிசையாக வைத்துக்கொண்டு, ஒளி மாறியதும் அடுத்ததற்குத் தாவியது இதற்காகத்தான். உங்களுக்கு இரண்டு போதும்.

இன்னொரு எச்சரிக்கை. கெட்டியாக, எண்ணெய் மிகுதியாகப் பூசிய பகுதி காய்வதற்குள் அதன்மேல் டர்பன்டைன் கலந்த மெல்லிய பூச்சைப் போட்டால் மேல்பூச்சு முதலில் காய்ந்து இறுகும். அடியில் இருப்பது பிறகு அசையும்போது வெடிப்பு விடும். மெலிந்தது கீழே, கொழுத்தது மேலே. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

கேள்வி: சில படங்களின் ஓரத்தில் வெறும் கேன்வாஸ் தெரிகிறது. கையெழுத்து மட்டும் கச்சிதமாக இருக்கிறது. இது முடிந்த படமா?

அந்தக் கையெழுத்து ரப்பர் முத்திரையாக இருக்கலாம். மோனே இறந்தபோது கூடத்தில் ஏராளமான படங்கள் கையெழுத்தில்லாமல் இருந்தன. பின்னாளில் அவற்றில் பலவற்றுக்கு அவர் கையெழுத்தின் வடிவிலேயே முத்திரை குத்தினார்கள். ஆண்டும் இருக்காது. தன் கைப்படக் கையெழுத்திட்டு, ஆண்டும் குறித்து, அவரே விற்ற கடைசிக் காலப் பெரும்படங்கள் மிகச் சில. 1919-இல் அப்படி விற்றவற்றில் ஒன்றுதான் 2008-இல் லண்டன் ஏலத்தில் 4 கோடி பவுண்டைத் தாண்டியது.

ஓரத்தில் வெறுமை இருப்பதாலேயே முடியாத படம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஆய்வுக்காக வைத்திருந்ததையும் காட்சிக்காக முடித்ததையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமில்லை. விற்பனைக் குறிப்புகள் இதைச் சாமர்த்தியமாக மறைத்துவிடும்.

கேள்வி: பாரிஸ் போகிறோம். எதை, எந்த வரிசையில் பார்ப்பது?

முதலில் ஓராஞ்சரி. செவ்வாய்க்கிழமை விடுமுறை. நேரம் குறித்து முன்பதிவு செய்துகொண்டு, காலையில் திறந்தவுடன் போங்கள். இரண்டு நீள்வட்டக் கூடங்கள். அவற்றில் எட்டுப் படங்கள், மொத்தம் 22 பலகங்கள், உயரம் எல்லாம் ஏறக்குறைய 2 மீட்டர். வளைந்த சுவரில் நேரடியாக ஒட்டியிருக்கிறார்கள். மிக நீளமானது இரண்டாம் கூடத்தில் இருக்கும் 'இரண்டு வில்லோக்கள்': நான்கு பலகம், 17 மீட்டர்.

முதல் உலகப் போர் நின்ற மறுநாள், 1918 நவம்பர் 12 அன்று, நண்பரும் பிரதமருமான க்ளெமான்சோவுக்கு மோனே எழுதிய கடிதத்தில் இரண்டு பலகங்களை நாட்டுக்குத் தருவதாகச் சொன்னார். அது வளர்ந்து 1922 ஏப்ரலில் ஒப்பந்தமாகி, அவர் இறந்த பிறகு 1927 மே மாதம் கூடமாகத் திறந்தது. சாகும்வரை படங்களைக் கையைவிட்டுத் தர அவருக்கு மனமில்லை. 1960-களில் மேலே ஒரு மாடி கட்டிப் பகல் வெளிச்சத்தை அடைத்துவிட்டார்கள். 2006-இல் முடிந்த புதுப்பிப்பில்தான் அது நீங்கியது. மேகம் நகரும்போது படத்தின் நீலம் மாறுவதை இப்போது உட்கார்ந்து பார்க்கலாம். நடுவிலுள்ள இருக்கையில் கொஞ்ச நேரம் இருங்கள். பிறகு எழுந்து, அனுமதிக்கும் அளவுக்குச் சுவரை நெருங்கி, ஒரே ஓர் இலையை மட்டும் பாருங்கள்: அடியில் காய்ந்து மேடு தட்டிய பழைய வண்ணம், அதன் முகடுகளை மட்டும் தொட்டுக்கொண்டு ஓடும் புதுத் தூரிகை, இடுக்கில் எட்டிப் பார்க்கும் வேறொரு நாளின் ஊதா.

அடுத்தது மார்மொத்தான் அருங்காட்சியகம், திங்கள் விடுமுறை. மகன் மிஷேல் விட்டுச்சென்ற படங்கள் 1966-இல் இங்கே வந்தன. கண்புரைக் காலப் பாலங்களையும், ரோஜாத் தோட்டத்திலிருந்து வரைந்த வீட்டையும் இங்கேதான் பார்க்க வேண்டும். ஓராஞ்சரியைப் பார்த்த கையோடு இதைப் பார்த்தால் முதல் கேள்விக்கான பதிலை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

ஜிவெர்னிக்கு, பாரிஸ் சேன்-லசார் நிலையத்திலிருந்து வெர்னோன் வரை ரயில், ஒரு மணி நேரத்துக்குள், அங்கிருந்து பேருந்து. ஏப்ரல் தொடக்கம் முதல் நவம்பர் தொடக்கம் வரைதான் திறந்திருக்கும். பாலத்தின் மேல் விஸ்டீரியா கொடி பூப்பது மே மாதத்தில், அல்லி நன்றாகப் பூப்பது ஜூலை, ஆகஸ்டில். இரண்டையும் ஒரே பயணத்தில் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: மற்ற இம்ப்ரெஷனிஸ்ட்டுகள் முதுமையில் நிலக்காட்சி வரைந்தார்களா?

வரைந்தார்கள், உடம்பு விட்ட வழியில். பிசாரோவுக்குக் கண்ணீர்ப்பையில் தீராத அழற்சி. காற்றும் புழுதியும் ஆகாது. விடுதி அறைகளை வாடகைக்கு எடுத்து ஜன்னல் வழியே வரைந்தார். 1897-இன் மோன்மார்த்ர் பெருஞ்சாலை, 1898-இன் ஒப்பேரா நிழற்சாலை, கடைசியாக 1903-இல் லெ ஆவ்ர் துறைமுகம், எல்லாமே உயரத்திலிருந்து பார்த்த காட்சிகள்தான். ரெனுவார் 1907-இல் தெற்கு பிரான்சின் கான்யு-சூர்-மேரில் ஆலிவ் மரத் தோட்டம் ஒன்றை வாங்கி, மூட்டுவாதத்தில் விரல்கள் முறுக்கிக்கொண்ட நிலையிலும் 1919 வரை வரைந்தார். சிஸ்லி மோரே ஊரைவிட்டு அதிகம் நகரவில்லை. 1893–94-இல் அந்த ஊர்த் தேவாலயத்தை வெவ்வேறு ஒளியில் தொடராக வரைந்தார். 1899-இல் இறந்துபோனதால் தன் படங்களுக்கு விலை ஏறியதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

கேள்வி: நான் வரைந்த குளப்படத்துக்கு வார்னிஷ் அடிக்கலாமா?

மோனேக்கு வார்னிஷ் பிடிக்காது. அவர் பரப்பு மங்கலாக, காய்ந்ததாக இருக்கும். பளபளப்பு ஏறினால் மேடு தட்டிய வண்ணத்தில் விளக்கொளி தெறித்து, கூர்ந்து பார்க்க வேண்டிய நிறவேறுபாடுகள் மறைந்துவிடும். வார்னிஷ் நாளடைவில் மஞ்சளாகி நீலத்தைப் பச்சைப்பக்கம் இழுத்துவிடும் என்பது இன்னொரு சங்கடம். தூசிக்குப் பயந்து அடித்தே ஆக வேண்டுமென்றால் மங்கல் ரகச் செயற்கைப் பிசின் வார்னிஷை, தடித்த படத்துக்கு ஓராண்டு கழித்து, ஒரே மெல்லிய பூச்சாக அடியுங்கள். அதற்கு முன் ஒரு ஓரத்தில், டர்பன்டைனுக்குப் பதிலாக வரும் மணமற்ற கரைப்பானைப் பஞ்சில் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் இன்னும் காயவில்லை.